எழுபதைத் தொட்டால் உதறும் பிக்கப்

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றி வரும்போது ஒன்றும் தெரியாது. சரக்கை இறக்கிவிட்டுக் காலி கிரேட் பெட்டிகளோடு திரும்பும்போது, வேகமுள் 65-ஐத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ஒரு முறுமுறுப்பு கிளம்பும். 75 வந்தால் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டாகத் தெரியும். இது ஒரு வகை வண்டி. இன்னொரு வண்டியில் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 70-இல் ஸ்டியரிங் கைக்குள் படபடவென்று ஆடும். இரண்டையும் டிரைவர்கள் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "வைப்ரேஷன் அடிக்குதுண்ணே." பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "வீல் பேலன்சிங், அலைன்மென்ட் பாத்துருங்க." முதல் வண்டிக்கு அந்தக் காசு மொத்தமும் தண்டம். இரண்டாவது வண்டிக்கு அலைன்மென்ட் காசு மட்டும் தண்டம்.

அலைன்மென்ட் கோளாறு வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், டயரைத் தின்னும், ஸ்டியரிங்கைக் கோணலாக நிற்க வைக்கும். உதறலை அது நேராக உண்டாக்காது. டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) தவறி டயர் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) ரம்பப் பல் மாதிரி தேய்ந்த பிறகு உதறல் வரலாம். அப்போதும் குற்றவாளி தேய்ந்த டயர்தான், அலைன்மென்ட்டை மட்டும் சரிசெய்தால் உதறல் போகாது.

உதறலை ஒரு கணக்காகப் பார்ப்பது நல்லது. வண்டியில் சுற்றுகிற ஏதோ ஒன்று, சுற்றுக்கு ஒரு தட்டோ இரண்டு தட்டோ தட்டிக்கொண்டிருக்கிறது. நொடிக்கு எத்தனை தட்டு என்று தெரிந்தால் தட்டுவது யார் என்பதும் தெரிந்துவிடும்.

215/75 ஆர்15 டயரை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் 70 செ.மீ. லோடு அமுக்கும் அமுக்கலையும் சேர்த்தால், ஒரு சுற்றுக்குச் சுமார் 2.15 மீட்டர் உருளும். மணிக்கு 80 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 22.2 மீட்டர். ஆகவே சக்கரம் நொடிக்கு 10 சுற்றுக்குச் சற்று மேல் சுற்றுகிறது, நிமிடத்துக்கு 620. கிரௌன் பினியன் (பின் அச்சிலுள்ள பல்சக்கர ஜோடி) விகிதம் 4.1 என்று வைத்தால் ஜாயின்ட் ராடு (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) நிமிடத்துக்கு 2,540 சுற்று, நொடிக்கு 42. ராட்டின் கிராஸ் (மூட்டில் இருக்கும் கூட்டல் குறி வடிவ இணைப்பு) கோணம் தவறியிருந்தால் சுற்றுக்கு இரண்டு தட்டு, அதாவது நொடிக்கு 85. நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் 2,400 ஆர்பிஎம்-இல் ஓடினால் நொடிக்கு 80 வெடிப்பு.

நொடிக்குப் பத்து என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்டியரிங் வளையம் ஆடும், டேஷ்போர்டு மேல் வைத்த தண்ணீர் பாட்டிலில் அலை எழும். நாற்பதைத் தனித்தனியாக உணர முடியாது. அது பாதத்தில் சுர்ரென்ற கூச்சமாகவும் காதில் 'ம்ம்ம்' என்ற முனகலாகவும் வரும். கண்ணாடி மங்குவதும் கியர் லீவர் சிலுசிலுப்பதும் இந்த வகைதான். சக்கரமா, ராடா என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

சந்தேகம் இருந்தால் கைப்பேசி எண்ணிச் சொல்லும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்டிருக்கும் ஃபைபாக்ஸ் செயலியில் முடுக்க அலைமாலையை (நொடிக்கு எத்தனை தட்டு என்பதை வரைபடமாக) காட்டும் பகுதி ஒன்று உண்டு. கைப்பேசியை சீட்டுத் தண்டவாளத்திலோ கேபின் தரையிலோ டேப் போட்டு இறுக்கி ஒட்டிவிட்டு, உதறல் வரும் வேகத்திலேயே இருபது நொடி ஓடச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும், டிரைவர் பார்க்க வேண்டாம். கூர்முனை 10-க்குப் பக்கம் நின்றால் சக்கரம், 20 என்றால் முட்டை வடிவமாகிப்போன டயர் அல்லது ரிம், 40-க்கு மேல் என்றால் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதுதான். உங்கள் வண்டியின் டயர் அளவையும் கிரௌன் விகிதத்தையும் போட்டுக் கணக்கை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுபது, எண்பதில் மட்டும் ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கும் இந்தக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. அச்சும் சக்கரமும் ஸ்பிரிங் பட்டையின் மேல் துள்ளுவதற்கு என்று ஓர் இயல்பான துடிப்பு உண்டு. அது பெரும்பாலும் நொடிக்கு 10 முதல் 15. சக்கரத்தின் சுற்று வேகம் அந்தத் துடிப்பைத் தொடும்போது சின்னக் குறைகூடப் பூதாகாரமாகும். கார்க்காரர் 100-ஐத் தாண்டிப் போய்விடுவதால் உதறல் அடங்கிவிடும். பிக்கப்பில் பெரும்பாலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-இல் பிடித்துவிடுகிறது. நான்கு வழிச்சாலையில் நாள் முழுக்க அந்தக் குலுங்கும் வேகத்திலேயேதான் வண்டி ஓடியாக வேண்டும். அதனால் காருக்குப் பரவாயில்லை என்று விடுகிற 20 கிராம் பேலன்ஸ் பிசகை பிக்கப்பில் விட முடியாது.

சாலையில் செய்ய வேண்டியது

முதலில் டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் சரிபாருங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள், முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு இருக்கும். ரிம்மின் உள்பக்கம் காய்ந்த களிமண் இருந்தால் சுரண்டி எடுங்கள். மழைக்காலத்தில் வயலுக்குள் இறங்கி ஏறிய வண்டியில் ஒரு கைப்பிடி மண் ஒட்டியிருந்தால் அதுவே 100, 150 கிராம். லோடோடு மூன்று நாள் நின்ற நைலான் டயரில் தரையைத் தொட்ட இடம் தட்டையாகிப் போயிருக்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறினால் அது தானாகச் சரியாகும், அதற்கு முன் எந்த முடிவுக்கும் வராதீர்கள். சோதனையைத் தார்ச் சாலையில் செய்யுங்கள். கான்கிரீட் சாலையில் சுமார் நான்கரை மீட்டருக்கு ஓர் இணைப்பு வரும். 80-இல் அதுவே நொடிக்கு ஐந்து தட்டு தட்டி ஆளைக் குழப்பும்.

உதறல் வரும் வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு வண்டியை உருள விடுங்கள். சாவியில் கை வைக்கவே கூடாது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் வேக்குவமும் போய்விடும். பின்னால் வண்டி வராத நேர்ச் சாலையாகவும் இருக்க வேண்டும். நியூட்ரலில் உதறல் அப்படியே இருந்தால் சக்கரம், டிரம், ஜாயின்ட் ராடு மூன்றில் ஒன்று. பட்டென்று நின்றால் இன்ஜின், கிளட்ச், மவுண்டிங் ரப்பர், அல்லது இழுக்கும்போது மட்டும் வெளிப்படும் கிராஸ் தேய்மானம். பாதியாகக் குறைந்தாலும் ராட்டின் மீதுதான் சந்தேகம் விழட்டும், ஏனென்றால் இழுவை போனதும் பினியன் மூக்கு தூக்குவது நிற்கிறது, கோணம் மாறுகிறது.

அடுத்து அதே வேகத்தை வேறு கியரில் பிடியுங்கள். 70-ஐ ஐந்தில் ஒருமுறை, நான்கில் ஒருமுறை. இரண்டிலும் அதே உதறல் என்றால் இன்ஜினை மறந்துவிடலாம். இதில் ஒரு பொறி உண்டு. பல கியர்பாக்ஸ்களில் நான்காவது நேர் கியர், அதில் இன்ஜினும் ஜாயின்ட் ராடும் ஒரே வேகத்தில் சுற்றும். நான்கில் மட்டும் பார்த்துவிட்டு "இன்ஜின்தான்" என்று மவுண்டிங் மாற்றுவது இப்படித்தான் நடக்கிறது.

பிரேக்கை லேசாகத் தொடும்போது மட்டும் வருகிற உதறல் தனிக்கதை. பிரேக் டிஸ்க்கின் கனம் சுற்றுக்குச் சுற்று ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபட்டாலே பெடலில் தெரியும். பின் டிரம் முட்டையாகியிருந்தால் பெடலோடு சீட்டும் சேர்ந்து ஆடும். டிஸ்க்கையும் டிரம்மையும் லேத்தில் கடைவதற்கு முன் அவற்றின் மேல் பொறித்திருக்கும் எல்லை அளவைப் பாருங்கள். தாண்டினால் புதிதுதான். (பட்டறைப் பேச்சில் ரிம்முக்கும் 'டிஸ்க்'தான் பெயர், பிரேக் தட்டுக்கும் 'டிஸ்க்'தான். "டிஸ்க் நெளிஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால் எந்த டிஸ்க் என்று கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.)

கடைசியாக, வெறும் வண்டியில் ஒருமுறை, லோடோடு ஒருமுறை. காலியில் மட்டும் வந்தாலோ லோடில் மட்டும் வந்தாலோ பட்டையின் உயரம் மாறும்போது மாறுகிற ஒன்றுதான் காரணம். அது ராட்டின் கோணம். சக்கரப் பிசகு லோடு பார்த்து வருவதில்லை, லோடில் சற்று அமுங்கித் தெரியும், அவ்வளவுதான்.

சக்கரம்

ரிம் ஓரத்தில் 50 கிராம் பிசகு இருக்கிறது என்று வையுங்கள். 40 கி.மீ. வேகத்தில் அது சுமார் ஒரு கிலோ விசையோடு சக்கரத்தை ஆட்டும். 80-இல் நான்கு கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஊருக்குள் தெரியாதது பைபாஸில் தெரிவது இதனால்தான்.

காசில்லாத சோதனை ஒன்று: முன் சக்கரம் இரண்டையும் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் என்றால் இது முக்கால் மணி நேர வேலை. ஸ்டியரிங்கில் இருந்த ஆட்டம் சீட்டுக்கு இடம் மாறினால் குற்றம் அந்த இரண்டு சக்கரங்களில் ஒன்று. இடம் மாறாமல் ஸ்டியரிங்கிலேயே நின்றால் ஹப், பேரிங், ஸ்டியரிங் இணைப்புகள். இதைச் செய்யாமல் நான்கு டயரும் புதிதாக வாங்கியவர்கள் நிறைய.

பேலன்சிங் கடைக்குப் போகுமுன் சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேலன்ஸ் என்பது எடை பற்றியது, வட்டம் பற்றியது அல்ல. முட்டை வடிவ டயரையும் மெஷின் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடும், சாலையில் அது துள்ளிக்கொண்டேதான் இருக்கும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டயரின் நடுப் பட்டனுக்கு நேராக ஒரு செங்கல்லை நிறுத்தி அதன்மேல் ஸ்குரூ டிரைவரை 2 மி.மீ. இடைவெளியில் வையுங்கள். கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் உரசி இன்னோர் இடத்தில் இடைவெளி விரிந்தால், கூடுதலுக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஓட்டப் பிசகு. ஒன்றரை மி.மீ. வரை பொறுக்கலாம். அதற்கு மேல் என்றால் ஸ்குரூ டிரைவரை ரிம் உதட்டுக்கு நகர்த்தி அதையே திரும்பச் செய்யுங்கள். ரிம் ஒரு மி.மீ.க்குள் இருந்து டயர் மட்டும் துள்ளினால் டயர்தான்.

அப்போதும் டயரை உடனே தூக்கி எறிய வேண்டாம். டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய வளையக் கோடு ஓடும். ரிம் உதட்டிலிருந்து அந்தக் கோட்டின் தூரம் சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, ஓரத்தை விடுவித்து, சோப்புத் தண்ணீர் பூசி மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். கோடு சரியாக இருந்தும் துள்ளினால், டயரை ரிம் மேல் அரைச்சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள். ரிம்மின் மேடும் டயரின் மேடும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் இது அவற்றை எதிரெதிராக்கும். டயரின் மேல் உள்ளங்கையை அழுத்தித் தடவும்போது ஓர் இடத்தில் கட்டி மாதிரி புடைப்பு தட்டுப்பட்டால் மட்டும் பேச்சே இல்லை. உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது. ரீட்ரேட் டயரில் இது அதிகம். அந்த டயரோடு ஹைவேயில் ஏறக் கூடாது, ஸ்டெப்னியாகவும் வைக்கக் கூடாது.

இனி பேலன்சிங். பழைய ஈயத்தையெல்லாம் கழற்றச் சொல்லுங்கள். நான்கு சக்கரத்துக்கும் செய்யுங்கள். "பின்னாடி எதுக்குண்ணே" என்பார்கள், சீட்டு ஆடுவது பின் சக்கரத்தால்தான். மெஷினின் கூம்பை ரிம்மின் உள்பக்கத் துளையிலிருந்து பொருத்த வேண்டும், துரு, மண் இல்லாமல். மெஷின் சுழியம் காட்டியதும் ஒரு வேலை சொல்லுங்கள்: சக்கரத்தைத் தளர்த்தி, தண்டின் மேல் அரைச்சுற்று திருப்பி மாட்டி, மறுபடி சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். 10 கிராமுக்கு மேல் காட்டினால் சக்கரம் மெஷினில் நடுவாக உட்காரவில்லை, முன்னே காட்டிய சுழியம் பொய். இரும்பு ரிம்களில் நடுத்துளை துல்லியமாக இருக்காது, நட்டின் கூம்புதான் சக்கரத்தை மையப்படுத்துகிறது. அப்படிப்பட்ட ரிம்மை நட்டுத் துளைகளைப் பிடிக்கும் தட்டு வைத்து மாட்டும் கடையே நல்லது. ஒரு பக்கத்துக்கு 100 கிராமுக்கு மேல் ஈயம் கேட்டால் நிறுத்திவிட்டு ரிம்மையும் டயரையும் பாருங்கள். சுற்றும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் காட்டினால் உள்ளே திரவம் ஓடுகிறது. பஞ்சர் திரவம் ஊற்றிய டயரை எந்த மெஷினாலும் பேலன்ஸ் செய்ய முடியாது.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டப் போகுமுன் ரிம்முக்குப் பெயின்ட் அடிப்பது வழக்கம். நட்டு உட்காரும் கூம்புக் குழியிலும் ஹப்பைத் தொடும் முகத்திலும் அடித்துவிடுகிறார்கள். தடிமனான பெயின்ட் மேல் இறுக்கிய நட்டு, பெயின்ட் நசுங்கியதும் தளரும். ரிம்மும் ஹப் முகத்தில் படியாமல் சாய்ந்து நிற்கும். "எஃப்.சி. முடிஞ்சதுலேர்ந்துதான் உதறுது" என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அந்த இரண்டு இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, நட்டுகளை எதிரெதிராக, சக்கரம் தொங்கும் நிலையில் பாதியும் தரையில் இறக்கி மீதியும் கையேட்டில் உள்ள டார்க்கில் இறுக்குங்கள். ஓடியபின் ஒருமுறை மறுபடி.

முன்பக்க ஆட்டம்

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடதும் வலதுமாக. இடவல ஆட்டம் மட்டும் இருந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட். மேல்கீழ் ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட், முன்னாலும் பட்டை போட்ட வண்டியென்றால் சக்கரம் திரும்பும் முளையான கிங்பின். இவை உதறலை உண்டாக்குவதைவிட, 15 கிராம் பிசகைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் அதிகம்.

முன் அச்சு ஒரே கட்டையாக உள்ள வண்டியில் மட்டும் வேறு ஒரு பேய் உண்டு. 60-இல் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங் வலதும் இடதுமாக வெறிபிடித்து அடிக்கும், 30-க்குக் குறைத்தால்தான் நிற்கும். இது பேலன்ஸ் பிசகு அல்ல. கிங்பின், டை ராட், பட்டைக் கண் புஷ் ஆகியவற்றின் சிறுசிறு தேய்மானமும், அச்சு சாய்வுக் கோணம் குறைந்ததும் கூட்டுச் சேர்ந்து செய்வது. புதிதாக ஸ்டியரிங் டேம்பர் போட்டால் கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், அவ்வளவுதான். தேய்ந்ததை மாற்றுங்கள்.

ஜாயின்ட் ராடு

பிக்கப்பின் ராடு பெரும்பாலும் இரண்டு துண்டு. நடுவில் சேசிஸ் குறுக்குச் சட்டத்தில் தொங்கும் சென்டர் பேரிங், அதைச் சுற்றி ரப்பர், மூன்று கிராஸ், நீளம் கூடிக் குறைய ஒரு ஸ்லிப் யோக் (யோக் என்பது கிராஸைப் பிடிக்கும் கவை). சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு அடியில் போங்கள்.

முதலில் கண். ராட்டில் சாக்குக் கயிறு, வைக்கோல், பிளாஸ்டிக் தாள் சுற்றியிருக்கிறதா? குழாயில் அடிபட்ட குழி? நான்கு மூலையில் வெல்டிங் பொட்டு மட்டும் இருந்து நடுவில் பளிச்சென்று ஒரு சதுரம் தெரிந்தால், அங்கே இருந்த பேலன்ஸ் தகடு விழுந்துவிட்டது. கிராஸின் முனைகளில் மாட்டியிருக்கும் கப்பைச் சுற்றி குங்குமம் தூவியது போலச் செந்தூள் இருந்தால் உள்ளே கிரீஸ் வற்றித் துரு அரைபடுகிறது.

பிறகு கை. ராட்டைத் திருகினால் கொஞ்சம் 'கடக்' என்று ஆடத்தான் செய்யும், அது கிரௌன் பினியன் இடைவெளி. அதைக் கிராஸ் ஆட்டம் என்று எண்ணி கிராஸ் மாற்றுவது வீண். கட்டை விரலை இரண்டு யோக்கின் மேலும் ஒரே நேரத்தில் படும்படி குறுக்கே வைத்துக்கொண்டு ராட்டைத் திருகுங்கள், மேலே தூக்குங்கள். இரண்டு யோக்கும் சேர்ந்து நகர்ந்தால் கிராஸ் நல்லது. ஒன்று நகர்ந்து மற்றது பின்தங்குவது விரலுக்குத் தெரிந்தால் கிராஸ் போய்விட்டது. சென்டர் பேரிங்கைப் பிடித்து ஆட்டி ரப்பர் கிழிந்திருக்கிறதா பாருங்கள். கிழிந்தால், லோடோடு முதல் கியரில் எடுக்கும்போதும் ஒரு அதிர்வு வரும், 30-ஐத் தாண்டினால் அடங்கி, 70-இல் மறுபடி எழும்.

கழற்றுமுன் குறி போடுங்கள். பினியன் ஃபிளாஞ்சுக்கும் (பின் அச்சில் ராடு மாட்டும் தட்டு) ராட்டுக்கும் ஒன்று, ஸ்லிப் யோக்கின் இரண்டு பாதிக்கும் ஒன்று, சென்டர் பஞ்சால். சாக்பீஸ் குறி டீசல் பட்டதும் அழிந்துவிடும். கிராஸ் மாற்றிய பிறகு உதறல் ஆரம்பித்த வண்டிகளில் பலவற்றுக்கு இந்தக் குறி போடாததுதான் காரணமாக இருக்கும். பின்துண்டின் இரு முனை யோக்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், கையேடு வேறு சொன்னாலொழிய. ஸ்பிளைனில் (ஸ்லிப் யோக்கின் பல் வரிசையில்) ஒரு பல் தள்ளி மாட்டினாலும், ஒரு கிராஸ் தரும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டாது.

கிராஸ் மாட்டும்போது கப்பைச் சுத்தியால் அடித்து இறக்காதீர்கள். உள்ளே ஊசி ரோலர் ஒன்று சரிந்து படுத்தாலும் கப் முழுதாக இறங்காது, லாக் வளையம் அதன் பள்ளத்தில் உட்காராது. வைஸில் வைத்து அழுத்துங்கள். இருபக்க லாக்கும் ஒரே கனத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் தடித்தது, மறுபக்கம் மெல்லியது என்று போட்டால் ராடு மையம் விலகும். 10 கிலோ ராடு முழுக்க வெறும் 0.2 மி.மீ. விலகி 2,540 ஆர்பிஎம்-இல் சுற்றினால் சுமார் 14 கிலோ விசை, நொடிக்கு 42 தடவை. மாட்டி முடித்ததும் யோக்கைத் தூக்கி விட்டால் மெல்லத் தன் எடையில் இறங்க வேண்டும். ஒரு திசையில் விறைத்து நின்றால் யோக் காதின் வெளிப்பக்கம் பித்தளைச் சுத்தியால் ஒரு தட்டு, அழுத்தம் விலகும். விறைத்த கிராஸும் உதறும். கிரீஸ் நான்கு கப் ஓரத்திலும் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் முதலில் சாகும்.

இப்போது, காலியில் மட்டும் முறுமுறுக்கிற அந்த முதல் வண்டிக்கு வருவோம். அதில் பெரும்பாலும் பின்னால் எக்ஸ்ட்ரா பட்டை ஏற்றியிருப்பார்கள். லோடு தாங்கும் என்று போட்ட பட்டை, காலி வண்டியைத் தூக்கி நிறுத்திவிடுகிறது, ராடு சரிந்து ஓடுகிறது. கிராஸ் கோணத்தில் ஓடும்போது ஒரு சுற்றுக்குள் ராட்டின் வேகம் இருமுறை கூடிக் குறையும். 3 டிகிரியில் அந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு 0.14 பங்குதான், 10 டிகிரியில் நூற்றுக்கு ஒன்றரை. இரு முனையிலும் கோணம் சமமாக இருந்தால் பினியனுக்கு அது போய்ச் சேராது. ஆனால் நடுவிலுள்ள ராடு மட்டும் முன்னும் பின்னும் உலுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், சென்டர் பேரிங் வழியாகத் தரைக்கு வந்துவிடும்.

அளக்கக் கைப்பேசியின் சாய்வுமானி போதும். சமதளம், வண்டியின் எடை டயர் மேல், ஜாக்கி கூடாது. முன்துண்டுக் குழாய், பின்துண்டுக் குழாய், பினியன் ஃபிளாஞ்ச் முகம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். ஃபிளாஞ்ச் முகம் பினியன் தண்டுக்குச் செங்குத்து என்பதால் அதில் 90-ஐக் கழிக்க வேண்டும். முன்துண்டுக்கும் பின்துண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கோணம், பின்துண்டுக்கும் பினியனுக்கும் உள்ளது மற்றொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும், 3 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. சுழியமும் நல்லதல்ல, ஊசி ரோலர் உருளாமல் ஒரே இடத்தில் குத்திக் கோடு போட்டுவிடும்.

கோணம் ஒவ்வாவிட்டால் எக்ஸ்ட்ரா பட்டையை எடுத்துவிடுவதே நேர்மையான வைத்தியம். எடுக்க மனமில்லை என்றால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்புத் தகடு போட்டுப் பினியனைச் சாய்க்கலாம். தகடு இரும்பாக இருக்கட்டும், அலுமினியம் லோடில் பிளக்கும். அதே கையோடு சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டையின் முன் கண்ணிலிருந்து அச்சு வரை இருபக்கமும் அளந்தால் 5 மி.மீ.க்கு மேல் வேறுபடக் கூடாது.

கிராஸ், கோணம், சென்டர் பேரிங் எல்லாம் சரியாக இருந்தும் நொடிக்கு 40 என்ற அதிர்வு போகாவிட்டால் ராட்டை முழுசாக, இரண்டு துண்டும் மாட்டியபடியே, பேலன்ஸ் செய்யும் லேத்துக்குக் கொடுங்கள். குழாய் நடுவில் ஒரு மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் முதலில் நிமிர்த்தணும், பிறகுதான் தகடு. பக்கத்தில் அப்படிப்பட்ட லேத் இல்லாத ஊரில் ஹோஸ் கிளிப் கைகொடுக்கும். பின்துண்டின் பினியன் முனைக் குழாயை நான்காகக் குறித்து, கிளிப்பின் திருகுத் தலை ஒன்றாம் குறியில் வரும்படி இறுக்கி, அதே சாலையில் ஓடிப் பாருங்கள். பிறகு இரண்டு, மூன்று, நான்கு. எங்கே குறைகிறதோ அங்கே நிறுத்தி, அதே எடையில் இன்னொரு கிளிப். கூடிவிட்டால் இரண்டின் தலையையும் அந்தக் குறியிலிருந்து இருபுறமும் விரல் விரலாக விரியுங்கள். அதிர்வு அடங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். இது தற்காலிகம்தான், ஆனாலும் ஆறு மாதம் ஓடியிருக்கிற தற்காலிகம் உண்டு. பின் அச்சைத் தூக்கி வைத்து நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றவிட்டு இதைச் செய்ய நினைக்காதீர்கள். ஒரு சக்கரம் தடைபட்டால் மற்றது இரட்டை வேகத்தில் பறக்கும், அடியில் ஆள் இருந்தால் அவ்வளவுதான்.

நியூட்ரலில் நின்றுபோன வகைக்கு அதிகம் சொல்ல இல்லை. இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரைக் கடப்பாரையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள், பிளவு வாய் திறந்தால் மாற்ற வேண்டும். கேபின் ரப்பரும் சரக்குத் தொட்டி போல்ட்டும் தளர்ந்திருந்தால் எந்தச் சின்ன அதிர்வும் இரு மடங்காகக் கேட்கும். தொட்டி போல்ட்டை இறுக்கியதும் "பாதி போயிடுச்சுண்ணே" என்று டிரைவர் சொன்னால் மீதிப் பாதியைத் தேடாமல் வண்டியை அனுப்பிவிடாதீர்கள்.

எதைச் சரிசெய்தாலும் அதே சாலையில், அதே வேகத்தில், அதே இடத்தில் கைப்பேசியை ஒட்டி மறுபடி அளந்து முன்னதோடு ஒப்பிடுங்கள். சக்கர நட்டுகளை 100 கி.மீ.யில் ஒருமுறை, யூ போல்ட்டை 500 கி.மீ.யில் லோடோடு ஒருமுறை இறுக்குங்கள். கிராஸுக்கு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ், தண்ணீரில் இறங்கி ஏறினால் அன்றைக்கே.